டூலாலிக் காய்ச்சல்

மைசூர் யாதவகிரி ரயில்வே காலனியில் அந்த நாளில் யாருக்காவது மறை கழன்றுவிட்டது என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் புழக்கத்தில் இருந்தது. டூலாலி. தமிழர்களும் சொன்னார்கள், கன்னடத்துக்காரர்களும் சொன்னார்கள், பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிய பழனிகூட வாய் நிறையச் சொன்னான். மழை கொட்டும்போது குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வந்தவன் டூலாலி. சம்பளத்தன்றைக்கே சம்பளத்தைத் தொலைத்தவன் முழு டூலாலி. மின்விசிறி வாங்கிய குடும்பத்தைப் பார்த்து, "மைசூர்ல ஃபேனா? டூலாலிதான்" என்று காலனியே சிரித்தது. அப்போதைய மைசூர் அப்படிப்பட்ட ஊர். சித்திரை மாதத்திலும் விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியிருந்த ஊர். அதை நினைத்தாலே இப்போதும் மனசு குளிர்ந்துவிடுகிறது.

அந்த வார்த்தையைக் காலனிக்குள் இறக்குமதி செய்தவர் டெஸ்மண்ட். ஆங்கிலோ இந்தியர், ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர். மீட்டர் கேஜ் காலத்தில் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே கரிப்புகையைத் தின்று வாழ்ந்தவர். அவருடைய எஞ்சின், அவருடைய மேலதிகாரிகள், அவருடைய முட்டிவலி எல்லாமே அவர் வாயில் டூலாலிதான். அது எந்த பாஷை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. விசாலாக்ஷி அதைத் தெலுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

விசாலாக்ஷியின் கணவர் கைலாசநாதன் பார்சல் ஆபீசில் தலைமை கிளார்க். நல்ல மனிதர். குடி, சீட்டு, சிகரெட் எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் விழுப்புரம். பிறந்து வளர்ந்த ஊர் மேல் யாருக்கும் பாசம் இருக்கும்தான். ஆனால் விழுப்புரத்தைப் பற்றி அப்படி உருகிய இன்னொரு மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை. வெயிலும் புழுதியும் ஜங்ஷன் சத்தமுமாகக் கிடக்கிற ஊர் அது. அவர் பேசிக் கேட்டால் இந்திரலோகத்துக்கு அங்கேதான் வண்டி மாற வேண்டும் என்று தோன்றும்.

கல்யாணமான புதிதில் மைசூருக்குப் போஸ்டிங் வந்தபோது, "ரெண்டே வருஷம் விசாலம், அப்புறம் நம்ம ஊருக்கே மாத்திண்டு போயிடலாம்" என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். அந்த ரெண்டு வருஷம் இருபதைத் தாண்டிவிட்டது. வந்தபோது கொண்டுவந்த நான்கு இரும்பு டிரங்குகளில் பாதி இன்னும் பிரிக்கப்படவே இல்லை. கூடத்தில் இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பூப்போட்ட பெட்ஷீட் விரித்து, அதையே சோபா என்று பெயர் வைத்திருந்தார்கள். சீர்வரிசையாக வந்த வெண்கலப் பானையும் பித்தளை அடுக்கும் உள்ளே வைக்கோலோடு தூங்க, விசாலாக்ஷி அலுமினியப் பாத்திரத்தில் சாதம் வடித்தாள். நாற்காலி வாங்கலாமா என்றால், "ஏத்திண்டு போறது கஷ்டம்" என்பார். பின்கட்டில் ஒரு எலுமிச்சங்கன்று வைக்கலாமா என்றால், "காய்க்கறச்சே நாம எங்கே இருப்போமோ" என்பார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கொலுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பொம்மைகள் ஒரு டிரங்கு நிறைய இருந்தன. கொலுவை ஒரு வருஷம் வைக்க ஆரம்பித்தால் அப்புறம் விடக்கூடாது என்பது வழக்கம். "நடுவுல டிரான்ஸ்ஃபர் வந்துடுத்துன்னா வெச்ச கொலு நின்னு போயிடும். ஊருக்குப் போய் ஆரம்பிச்சுக்கோ" என்று தடுத்துவிட்டார். தசராவுக்குப் பேர்போன மைசூரில், வீட்டுக்கு வீடு பொம்மை அடுக்கி ஊரே திருவிழாவாக நிற்கிற ஒன்பது நாளும், பொம்மைகளைப் பூட்டி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கொலுவில் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருவது என்றால் எந்தப் பெண்ணுக்கு வயிறு எரியாது? அவளுக்கு எரிந்தது. வெளியே சொல்லவில்லை.

சொல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. வந்த முதல் வருஷம் அவளும் ஊரை நினைத்து அழுதவள்தான். கைலாசநாதன் மனதில் அவள் இன்னும் அதே அழுகைப் பெண்ணாகவே இருந்தாள். நடுவில் அவள் மாறிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. பின்பக்கச் சுவருக்கு அந்தண்டை வீட்டுக் கெம்பம்மா, இவளுக்கு அனகா பிறந்தபோது தினமும் வந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். கெம்பம்மாவிடம்தான் கன்னடம் வந்தது. ஒருநாள் தேவராஜா மார்க்கெட்டில் ஒரு வெற்றிலைக்காரி அழுகல் கவுளியைத் தலையில் கட்டப் பார்க்க, விசாலாக்ஷி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கன்னடத்தில் ஒரு பிடி பிடித்தாள். வெற்றிலைக்காரி திரும்பிப் பேசாமல் நல்ல கவுளியை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, இது என் ஊர் என்று விசாலாக்ஷிக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் மல்லிகை இரண்டு முழம் கூடவே வாங்கிக்கொண்டாள்.

கைலாசநாதன் அதற்குள் மியூச்சுவல் தேடிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் நாமாகக் கேட்டு மாறுதல் வாங்கினால் புது இடத்தில் சீனியாரிட்டி பட்டியலின் அடியில் போய் உட்கார வேண்டும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அந்த ஊரில் அதே வேலையில் இருக்கிற ஒருவன் இந்த ஊருக்கு வர ஆசைப்பட வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இவன் இடத்துக்கு அவன், அவன் இடத்துக்கு இவன். பெண்ணுக்கு வரன் தேடுவது போல அவர் தேடினார். வருகிற வண்டியின் கார்டு, போகிற வண்டியின் கார்டு எல்லோரிடமும் சொல்லி வைத்தார். விழுப்புரத்துக்குப் போக ஆசைப்பட்டவர் உலகத்தில் இவர் ஒருவர்தான் என்பதால் சிக்கல் அந்தப் பக்கம் இல்லை. விழுப்புரத்தில் இருந்துகொண்டு மைசூருக்கு ஏங்குகிற ஒரு கன்னடக்காரர்தான் வேண்டியிருந்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம், மழை விட்டு தசராவுக்கு ஊர் வெள்ளையடிக்க ஆரம்பித்த நேரத்தில், அப்படி ஒருவர் அகப்பட்டார். பெயர் நஞ்சுண்டப்பா. மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் பிறந்தவர். விழுப்புரம் பார்சல் ஆபீசில் காலம் தள்ளுகிறவர். கையெழுத்துப் போடும் முன் குவார்ட்டர்ஸைப் பார்க்க மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும் கைலாசநாதன் கால் தரையில் பாவவில்லை.

"விசாலம், உன் தபஸ் பலிச்சுடுத்து!" என்றார். விசாலாக்ஷி அடுப்படியில் நின்றுகொண்டு, யார் செய்த தபஸ் இது என்று யோசித்தாள். கல்லூரி போகிற அனகா மட்டும், "நானு பரல்லா அம்மா, நோடு" என்று, வரமாட்டேன் என்பதைக் கன்னடத்திலேயே சொல்லிக் கோபித்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தமிழில் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை வந்திறங்கினார்கள். நஞ்சுண்டப்பா ஆஜானுபாகு. வாசலிலேயே நின்று, "ஆஹா, மைசூரு காளி!" என்று கன்னடத்தில் காற்றைப் பாராட்டி, அதை இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டார். குளித்துச் சாப்பிட்டதும், தான் பிறந்த தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். கைலாசநாதன் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவில் மை போட்டு, டெஸ்மண்டையும் காபிக்கு வரச்சொல்லிவிட்டு, டிரங்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அடுப்படிக்குள் இரண்டு பெண்களும் இருந்தார்கள். நஞ்சுண்டப்பாவின் மனைவி சித்தம்மாவும் சாமராஜநகர் பக்கத்துக் கன்னடப் பெண்தான். அவள் கூச்சப்படப் போகிறாளே என்று விசாலாக்ஷி மரியாதையாகக் கன்னடத்தில், வீடு பிடித்ததா என்று பேச்சை எடுத்தாள்.

"மனெ இஷ்ட ஆயிதா?"

"ஊடு நல்லாத்தான் இருக்குதுக்கா" என்றாள் சித்தம்மா அசல் விழுப்புரத் தமிழில். "நமக்குத்தான் மனசு ஓடல."

விசாலாக்ஷி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"இன்னான்னு சொல்றது? பொண்ணை அங்கேயே குடுத்திருக்கோம், ரெண்டு தெரு தள்ளி. இப்ப முழுகாம இருக்குது. நான் பாட்டுக்கு மூட்டைய கட்டிக்கினு வந்துட்டா அதுக்கு யாரு பத்தியம் போடுவாங்க? தெருவுல அத்தினி பேரும் எனக்கு அக்கா தங்கச்சி. இவரு என்னாடான்னா மைசூரு மைசூருன்னு உசுர விடறாரு. எங்க ஊட்டுல கட்டிலே கிடையாதுக்கா. மைசூர்ல போய் வாங்கிக்கலாம்னுட்டாரு. இத்தினி வருஷமா தரையிலதான்."

விசாலாக்ஷி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. சித்தம்மாவின் கையைப் பிடித்து கூடத்துப் பக்கம் திருப்பி, பெட்ஷீட் போர்த்திய டிரங்குகளைக் காட்டினாள். சித்தம்மா பார்த்துப் புரிந்துகொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று பயம் வந்தது.

"அவர்கிட்ட சொன்னேளா?"

"எங்க? ஆசையில மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடுமேன்னு சொல்லல. நீங்க?"

"நானும் இல்லை."

"அப்ப நீங்க சொல்லிடுங்கக்கா. உங்க ஊடு, உங்களுக்கு தைரியம் வரும்" என்றாள் சித்தம்மா. விசாலாக்ஷிக்குத் தன் தைரியத்தைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருபது வருஷம் ஒரு மனிதர் கட்டிக்கொண்டிருந்த ஆசையை ஒரு வார்த்தையில் தட்டிவிடுவது பாவம் என்றுகூட இருந்தது. ஆனால் சொல்லாவிட்டால் கெம்பம்மா, மார்க்கெட், அனகாவின் கல்லூரி எல்லாம் ஒரு கையெழுத்தில் போய்விடும். காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.

டெஸ்மண்ட் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நஞ்சுண்டப்பாவும் வந்தார். காலையில் இழுத்த காற்றெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. டிரங்கின் ஓரத்தில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரு கிடைச்சுதா?" என்றார் கைலாசநாதன்.

"தெரு இருக்குது" என்றார் நஞ்சுண்டப்பா. "நம்ம வீட்டை இடிச்சு மாடி கட்டிட்டாங்க. அது போகட்டும். ஓட்டல்ல போய் உக்காந்தேன். ஒரு மசால் தோசை கொடப்பான்னு கன்னடத்துலதான் கேட்டேன். சர்வர் பையன் சிரிச்சுக்கிட்டே, சார் தமிழ்நாடான்னு கேக்கறான். என் பேச்சு அப்படி ஆயிடுச்சாம்." அவர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

டெஸ்மண்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வாட் மேன் கைலாஸ். ஒரு டூலாலி போதும்னு இருந்தேன். நீ இன்னொரு டூலாலி எங்க இருந்து புடிச்சே?"

"அதென்ன சார், டூலாலி?" என்று கேட்டார் நஞ்சுண்டப்பா. இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். காபித் தட்டோடு வந்த விசாலாக்ஷி வாசற்படியிலேயே நின்றாள்.

"அது ஊரு மேன். நாசிக் பக்கத்துல தேவ்லாலின்னு ஒரு ஊரு. வெள்ளைக்காரன் ஆர்மி கேம்ப். இங்க சர்வீஸ் முடிஞ்ச சோல்ஜர் எல்லாம் அங்க போய் உக்காரணும், பம்பாய்ல கப்பல் ஏறி ஹோம் போறதுக்கு. ஆனா கப்பல் குளிர் காலத்துல மட்டும்தான் போகும். டைம் தவறி வந்தவன் மாசக்கணக்கா உக்காரணும். வேலை இல்ல. பரேட் இல்ல. வெயில், கொசு, சாராயம். மூட்டை கட்டி ரெடியா வெச்சுக்கிட்டு ரோட்டையே பாத்து பாத்து மண்டை கெட்டுப்போச்சு. அதுக்குப் பேர் தேவ்லாலி தப். தப்னா ஜுரம். சோல்ஜர் வாயில தேவ்லாலி டூலாலி ஆச்சு. காத்திருந்து காத்திருந்து பைத்தியமானவன் டூலாலி. எனக்கு எப்டி தெரியும்னு கேளு. எங்க கொள்ளுத்தாத்தா அங்க உக்காந்தவன். கப்பல் வந்தப்போ எங்க போகணும், யார் இருக்காங்கன்னு அவனுக்கே தெரியலயாம். ஏறாம இங்கயே கல்யாணம் கட்டிட்டான். அதனாலதான் நான் உன் வீட்ல காபிக்கு காத்துக்கிட்டு இருக்கேன். மேடம், காபி ஆறுது."

யாரும் சிரிக்கவில்லை. விசாலாக்ஷி உள்ளே வந்து டம்ளர்களை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை காலம் குடையை விரிக்காதவனையும் ஃபேன் வாங்கினவனையும் சொன்ன வார்த்தை, நேராகத் தன் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. கணவரைப் பார்த்தாள். மூட்டை கட்டி ரெடியாக வைத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அவர் மேல் கோபப்பட்டிருந்தாள், சலித்துக்கொண்டிருந்தாள். பரிதாபப்பட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆனால் வந்த வேகம் அப்படி நிற்குமா? நஞ்சுண்டப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, வந்தது வந்தாச்சு" என்று பேனாவை வாங்கித் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். தாள் கைலாசநாதன் பக்கம் நகர்ந்தது.

"விசாலம்! நல்ல காரியம். கொஞ்சம் மஞ்சள் கொண்டுவா, மூலைல தடவிட்டுப் போட்டுடறேன்."

விசாலாக்ஷி நகரவில்லை. சித்தம்மா பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நிக்கறே? மஞ்சள்."

"தர மாட்டேன்" என்றாள் விசாலாக்ஷி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் வரலை. அவசியம் போகணும்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ."

டெஸ்மண்ட் காபியைக் கவனமாகக் குடித்தார். அப்போது சித்தம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "நல்லா சொன்னக்கா, என் வாயில வரலியே, நல்லா சொன்ன" என்று அழுதாள். நஞ்சுண்டப்பா திடுக்கிட்டு எழுந்து, "நீனூ பரல்வா?" என்றார். நீயும் வரமாட்டாயா என்று கேட்டவருக்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "போகலாம், பொண்ணு தனியா இருக்கும்" என்றார் தமிழில். அவர் முகத்தில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மாலை வண்டிக்கு அவர்கள் கிளம்பிப் போனார்கள். வழியனுப்பிவிட்டு வந்த கைலாசநாதன் நேராகப் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். விசாலாக்ஷி கொஞ்சம் விட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றாள். சுவருக்கு அந்தண்டை யாரோ விறகு பிளக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டே" என்றார்.

"ஆமாம். தனியா சொல்லியிருந்தா நீங்க காதுல போட்டுண்டிருக்க மாட்டேள்."

"உனக்காகத்தானே விசாலம் நான் இத்தனை பாடுபட்டேன்? வந்த புதுசுல நீ எப்படி அழுதே."

"அழுதேன்தான். அப்புறம் நிறுத்திட்டேன். நீங்க பார்க்கலை." கொடியில் கிடந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. நீங்கதான் இன்னும் வந்து சேரலை."

விறகுச் சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. அவருக்குக் கோபம் இருந்தது, அதை விட அதிகமாக வெட்கம் இருந்தது. சாமுண்டி மலையில் விளக்குகள் போட்டுவிட்டார்கள். விசாலாக்ஷி உள்ளே போகத் திரும்பினாள்.

"விசாலம்."

"ம்."

"அந்தண்டை விறகு பிளக்கறாரே, கெம்பம்மாவோட ஆத்துக்காரர். அவர் பேரு என்ன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் இருந்து நீர் கொட்டியது. அனகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தசரா யானை காட்டிய மனிதர். இவருக்கு டைபாய்டு வந்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்த மனிதர்.

"மாதேகௌடா" என்றாள்.

கைலாசநாதன் அதை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு சுவர் பக்கம் போய், எக்கி நின்று கூப்பிட்டார்.

"மாதேகௌட்ரே!"

விறகுச் சத்தம் நின்றது. "யாரு?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"நானு கைலாசநாதன்" என்றார் தனக்குத் தெரிந்த கன்னடத்தில். "பக்கத மனெயவனு."